பாதியில் நின்ற கை

காலையில் எழுந்தேன். படுக்கையை மடித்தேன். பல் தேய்த்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு காப்பி, எனக்குச் சர்க்கரையோடு ஒன்று. குப்பையைக் கட்டி வாசலில் வைத்தேன்.

பிறகு கட்டைவிரல்கள். பழைய பிளாஸ்திரி ரத்தத்தோடு காய்ந்து ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால்தான் உரியும். உரித்தேன். புதியது சுற்றினேன். சுற்றி முடித்ததும் வலது கட்டைவிரல் வாய்க்குப் போய்விட்டது. பிளாஸ்திரி பல்லில் பட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அத்தை பார்த்தார்.

அவர் ரிடையர் ஆகும்வரை பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் நகம் கடித்த பிள்ளைகள் எத்தனை பேரின் கையைத் தட்டிவிட்டிருப்பாரோ. ஆனால் நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"இன்னைக்குத்தானே அந்த டாக்டர்?"

"ஆமா அத்தை. சாயங்காலம்."

"நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு? கால் வேற வீங்கியிருக்கு. மூணு மாடி இறங்கி ஏறணும்."

"கால் என்னோடதுதானே. நான் பாத்துக்கறேன்."

அவர் ஏன் வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து போனான். அக்கா இறந்த பிறகும் என்னோடு இருக்கும் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தான். அங்கே அவருக்கென்று ஓர் அறை, தரைத்தளத்தில், தயாராக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தை பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

"அவ கடைசியா என்ன சொன்னான்னு தெரிஞ்சா அன்னைக்கே கிளம்பிடுவேன். தெரியாம வர மாட்டேன்."

"அதான் அப்பவே சொன்னேனேம்மா. 'அம்மாவைப் பத்திரமா பாத்துக்கோங்க'ன்னு சொன்னா."

அத்தை சிரித்தார். "அவ என்னைக்குடா என்னை அம்மான்னு கூப்பிட்டா?"

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது.

என் மனைவி படித்தது அத்தை வேலை பார்த்த பள்ளியில், அவருடைய வகுப்பிலேயே. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து டீச்சர் என்று கூப்பிட்டவள் வீட்டுக்கு வந்தும் டீச்சர் என்றாள். கடைசிவரை மாறவில்லை. மச்சான் வேறு பள்ளி. அவனுக்கு அம்மா என்றால் அம்மாதான். ஆபரேஷனுக்குப் போன அக்கா கண் விழிக்கவில்லை என்று தெரிந்த அன்று, அத்தையைத் தேற்ற போனில் ஒரு வாக்கியம் சொன்னான். தன் வாய்க்கு வருகிறபடி சொல்லிவிட்டான்.

கடைசியாக அவள் பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. போன ஞாயிறும் திறக்கவில்லை. மச்சான் தனியாகத் திரும்பினான்.

சொன்னால் அத்தை போய்விடுவார். சொல்லாதவரை வீட்டில் இரண்டு காப்பி.

*

பல் செட் செய்யும் லேபில் எனக்கு வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, பிறகு மெழுகை அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்காக மாற்றி மெருகு போட்டு அனுப்புவோம். மெழுகு வேலை என்னுடையது. என்னுடையதாக இருந்தது.

அக்ரிலிக் கலக்கும் திரவம் புண்ணில் பட்டால் எரிச்சலில் உயிர் போகும். கையுறை போட்டால் மெழுகு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரலுக்குத் தெரியாது. அதனால் இப்போது நான் பேக்கிங். தயாரான பல் செட்டை ஈரப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, டாக்டர் பெயர் ஒட்டுகிறேன். போன் வந்தால் எடுக்கிறேன்.

முதலாளி வந்து மேஜை முன் நின்றார்.

"விரலைக் காட்டு."

காட்டினேன்.

"ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு கொடுக்கறே. சொந்தப் பல்லாலயே கெட்டுப் போறியேப்பா."

மெருகு போடும் அக்கா இயந்திரத்தை நிறுத்தாமலே கத்தினார். "சார், அவருக்கும் ஒரு செட் பண்ணிக் கொடுத்துடலாம். கடிக்கத் தெரியாத பல்லா."

எல்லோரும் சிரித்தார்கள். முன்பென்றால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குப் போறேல்ல? நான் எப்படி ஊதித் தள்ளினவன்னு உனக்கே தெரியும். அந்த ஹிப்னாடிச டாக்டரம்மா உக்கார வெச்சுப் பேசினாங்க, சும்மா பேச்சுதான். இப்ப நான் பெட்டிக்கடையைத் தாண்டிப் போறேன், கடைக்காரன்தான் என்னை ஏக்கமா பாக்கறான்."

"போறேன் சார்."

"உன் மேஜையைக் காலியாத்தான் வெச்சிருக்கேன். ரொம்ப நாள் வெக்க முடியாது."

மெழுகு மேஜை ஜன்னலோரம் இருக்கிறது. ஸ்பிரிட் விளக்கு, கத்தி, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள் எல்லாம் நான் விட்ட இடத்திலேயே இருந்தன. தகடுகள் மேல் பிளாஸ்டர் தூசு படிந்திருந்தது.

போன் அடித்தது. எடுத்துப் பேசினேன். வைக்கும்போது இடது கட்டைவிரல் வாயில் இருந்தது. மறுமுனையில் இருந்தவர் என்ன கேட்டார் என்பது ஞாபகம் இல்லை. திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, மறுபடி கேட்டுக்கொண்டேன்.

*

டாக்டரின் அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. சாய்ந்துகொள்ளும் பெரிய நாற்காலி. டாக்டருக்கு ஒரு சாதாரண நாற்காலி. ஓர் ஓரமாக ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும்.

அத்தை சுற்றிலும் பார்த்தார். "செயின், கடிகாரம் எதுவும் ஆட்ட மாட்டீங்களாம்மா?"

"இல்லைங்க. இங்க ஆடறது அந்த ஃபேன் ஒண்ணுதான். அதையும் சரி பண்ணச் சொல்லியிருக்கேன்."

"எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"

டாக்டர் சொன்னார்.

"பரவாயில்ல. நல்ல ஸ்கூல்தான்" என்று அத்தை உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான். இவர் மயக்கத்துல இருக்கும்போது நீங்க கேக்கணும். என் பொண்ணு கடைசியா என்ன சொன்னான்னு. முழிச்சிருக்கும்போது வாயே தொறக்க மாட்டேங்கறார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்திரியைப் பார்த்தேன்.

"இது மயக்கம் இல்லைங்க. இவருக்கு எல்லாம் கேக்கும். எழுந்து போகணும்னா போகலாம். பொய் சொல்லணும்னாலும் சொல்லலாம்."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய நாற்காலி?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு வரவில்லை.

"பழக்கத்தை மாத்த இது உதவும். ஞாபகத்தைத் தோண்டி எடுக்க ஆகாதுங்க. அந்த நேரத்துல மனசு ரொம்ப இளகி இருக்கும். நாம எதை எதிர்பாக்கறோமோ அதையே செஞ்சு கொடுத்துடும். நீங்க கேட்டா இவர் ஒரு பதில் சொல்லுவார். கண்ணுல தண்ணியோட சொல்லுவார். அது நடந்ததா இருக்கணும்னு இல்ல. வேற யாராவது சொல்லிக் கேட்டதாவும் இருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் அதுதான் நடந்ததுன்னு இவரே நம்பிடுவார்."

"அப்ப நிஜமா நடந்தது?"

"எதுன்னு இவருக்கே தெரியாமப் போயிடலாம்."

அத்தை பையின் கைப்பிடியை முறுக்கினார்.

"நான் அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டேங்க" என்றார் டாக்டர்.

"விரலுக்கு மட்டும்தானா வைத்தியம்?"

"விரலுக்கு மட்டும்தான்."

அத்தை எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பி, "தண்ணி ஏதாவது குடிக்கறீங்களா மாப்பிள்ளை?" என்றார். வேண்டாம் என்றேன். வெளியே பெஞ்சில் அவர் உட்காரும் சத்தம் கேட்டது.

மெழுகில் சூடான கத்தி ஒருமுறை பட்டால் முன்பிருந்த வளைவு போய்விடும். ஏறக்குறைய அதே மாதிரி மறுபடி செய்யலாம். அது வேறு வளைவு. என் வேலையில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தலைக்குள்ளும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியதில்லை.

"எப்பல்லாம் கடிப்பீங்க?" டாக்டர் கேட்டார்.

"எப்பவும்."

"இது எப்ப இருந்து?"

"காலேஜ்ல இருந்தே. ஆனா ரத்தம் வர்ற அளவுக்கு இல்ல."

"அப்ப ஏன் வரல?"

"அதுக்குள்ள அவ ஏதாவது சொல்லிடுவா."

"என்ன சொல்லுவாங்க?"

நான் பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்தேன். டாக்டர் வற்புறுத்தவில்லை. நாற்காலியைச் சாய்த்தார்.

எதிர்ச் சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டு. அதன் மூலையில் இருந்த திருகாணியையே பார்க்கச் சொன்னார். மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடச் சொன்னார். இமை கனமானதும் மூடிக்கொள்ளலாம் என்றார். மூடிக்கொண்டேன். ஒரு படிக்கட்டில் இறங்குவதாக நினைக்கச் சொன்னார். ஒவ்வொரு படிக்கும் தோள் கொஞ்சம் தளரும் என்றார். தளர்ந்தது. தூக்கம் இல்லை. கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறை இல்லை என்று சண்டை போடுவது கேட்டது. பழகிய பஸ்ஸில், பழகிய வழியில், எந்த இடம் என்று பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து போவோமே, அப்படி இருந்தது.

"இப்ப வலது கை வழக்கம்போல மேல வரட்டும். நீங்க தூக்க வேண்டாம். அதுவா வரும்."

வந்தது. எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல வந்தது.

"நெஞ்சுக்கு நேரா வந்ததும் அது நிக்கும். நின்னதை நீங்க கவனிப்பீங்க. கவனிச்சதும் மெதுவா இறங்கி மடியில உக்காரும்."

நின்றது. இறங்கவில்லை.

டாக்டர் காத்திருந்தார். மின்விசிறி கிறீச்சிட்டது.

"இப்ப கை என்ன பண்ணுது?"

"நிக்குது."

"எதுக்காக நிக்குது?"

"கேக்கறதுக்கு."

அப்படிச் சொல்வேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு நானும் கேட்கத் தொடங்கினேன். மின்விசிறி. கீழே சில்லறைச் சண்டை. வெளியே பெஞ்சில் அத்தையின் இருமல். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கை வலிக்க ஆரம்பித்தது. இத்தனை மாதமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. கையைத் தூக்குகிறேன். யாரும் சொல்லவில்லை. கடிக்கிறேன்.

அப்போதுதான் அது வந்தது. எங்கோ தூரத்தில், அவள் குரலிலேயே. "அம்மாவைப் பத்திரமா..."

கண்ணைத் திறந்துவிட்டேன்.

நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்.

"இன்னைக்கு இது போதும்."

"அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

"சரி."

"அவ சொன்னது வேற."

"சரி. என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம்." டம்ளரை வாங்கிக்கொண்டார். "உங்க கை நின்னதைப் பாத்தீங்கல்ல? முதல் தடவையே நிக்கறது நல்ல விஷயம். வெளியில போனாலும் நிக்கும். எப்படி இறக்கறதுன்னு அடுத்த தடவை பாக்கலாம்."

*

பஸ்ஸில் அத்தைக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மச்சானிடமிருந்து செய்தி. சனிக்கிழமை ரயிலில் கீழ் பர்த் இருக்கு, போடட்டுமா, இன்னைக்கே சொல்லும்மா.

"என்ன பதில் போடட்டும் மாப்பிள்ளை?"

"நான் என்ன சொல்றது அத்தை?"

"நீங்க சொன்னா போறேன். சொல்லலேன்னா இருக்கேன்." போனைப் பைக்குள் போட்டார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன காய் வாங்கலாம் என்பதுபோலச் சொன்னார்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அத்தை இரண்டாவது மாடிவரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். பிறகு படியில் உட்கார்ந்துவிடுவார். இன்றும் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். வார் பதிந்த இடம் பாதத்தில் ஆழமாகத் தெரிந்தது. யார் வீட்டிலோ டிவியில் விளம்பரம் ஓடியது.

நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் ஒரு மாடி. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாலை அடுப்பில் வைத்தால் போதும். நாளைக்கும் இரண்டு காப்பி. நாளை மறுநாளும். அவர் இங்கேயே இருப்பார், இந்தக் காலோடு, இந்தப் படியில் உட்கார்ந்து எழுந்து, சாப்பிடும்போதெல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அது எனக்குச் சிரமமே இல்லை.

ஆனால் அந்த நாற்காலியில் கேட்டது இன்னும் காதில் இருந்தது. அவள் குரல், மச்சான் வாக்கியம். இன்று பாதியில் கண்ணைத் திறந்தேன். இன்னொரு நாள் திறக்காமல் போனால்? நிஜம் என் ஒருவன் தலையில்தான் இருக்கிறது. இன்னொருவருக்கும் தெரிந்திருந்தால், நான் மாற்றிச் சொல்லும்போது அவர் திருத்துவார். திருத்துவது அவருக்குப் பழகிய வேலை.

வலது கை மேலே வந்தது. நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

அத்தை அதைப் பார்த்தார். அவருடைய கையும் முழங்காலிலிருந்து எழுந்தது. என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்தது. தட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன். தட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மாப்பிள்ளை என்ற நினைப்பு வந்ததோ என்னவோ, கை திரும்பிப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

"அத்தை."

"ம்."

"ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாங்க. நான் பக்கத்துல நடந்தேன். தியேட்டர் வாசல்ல கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சாங்க."

அத்தை நிமிரவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்தாளா?"

"இல்ல. மேல ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிஞ்சுது. இதை மாத்த ஒருத்தருக்கும் கை வராதான்னு கேட்டா."

அத்தையின் உதடு லேசாக அசைந்தது. "கேப்பா. அவ கேப்பா. அதுதான் கடைசியா?"

"இல்ல. அப்புறம் என் பக்கம் திரும்பினா."

கீழே யாரோ கேட்டைச் சாத்தினார்கள். அத்தையின் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

"திரும்பி?"

"ஒண்ணு சொன்னா. சொன்னதும் நான் போனேன். வர்றதுக்குள்ள அவளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க."

"எங்க போனீங்க?"

"கை கழுவ."

"அந்த நேரத்துலயா? கை கழுவவா போனீங்க?"

"அவதான் போகச் சொன்னா."

அத்தை இப்போது நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாதியில் நின்றுகொண்டிருந்த என் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியே சொல்லுங்க மாப்பிள்ளை. உங்க வார்த்தையில வேண்டாம். அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே."

அப்படியே சொன்னேன்.

"சீ, வாயில இருந்து கையை எடு. ஆஸ்பத்திரில கண்டதையும் தொட்டுட்டு... போ, சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு வா."